ஆபரேஷனில் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தால் சீழ் பிடிக்காதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்து, இன்னும் நான்கு வாரத்தில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். பத்து வருடமாக சுகர் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் பீடி குடிப்பவர், இப்போதும் நாளுக்கு ஆறேழு ஓடுகிறது. ஹீமோகுளோபின் 9.6. வெளிநாட்டில் நர்சாக இருக்கும் என் நாத்தனார், "ஆபரேஷன் நேரத்தில் 80 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால் காயத்தில் சீழ் பிடிப்பது பாதியாகக் குறையும். உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது, கேட்டு வாங்குங்கள்" என்கிறார். போன வருடம் என் தங்கைக்கு சிசேரியன் தையலில் சீழ் பிடித்து ஒரு மாதம் அவதிப்பட்டாள். அவளுக்கு ஆக்சிஜன் வைக்காததுதான் காரணமா? கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் மெஷின் வீட்டில் சும்மா கிடக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அப்பாவுக்கு அதை வைக்கலாமா?
— கும்பகோணம் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கவலையோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால் முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். 80 சதவீதம் வேண்டும் என்று டாக்டரிடம் வாதாட வேண்டாம். எத்தனை சதவீதம் என்பதை அப்பாவின் நுரையீரலைப் பார்த்து அனஸ்தீசியா டாக்டர் முடிவு செய்யட்டும். வீட்டு மெஷினைத் தொட வேண்டாம். தங்கைக்குச் சீழ் பிடித்ததற்கு ஆக்சிஜன் வைக்காதது காரணம் இல்லை. சீழ் பிடிக்காமல் இருக்க நீங்கள் செய்யக்கூடிய பெரிய வேலைகள் வேறு இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசி இந்த நான்கு வாரத்திலேயே, உங்கள் வீட்டிலேயே செய்ய வேண்டியவை.

உங்கள் நாத்தனார் சும்மா சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது, நியாயமான காரணமும் இருக்கிறது. காரணத்தை முதலில் பார்ப்போம்.

வயிற்றைத் திறந்தால் காயத்துக்குள் கிருமி போகத்தான் செய்யும், குடல் ஆபரேஷனில் இன்னும் கூடுதலாக. அது சீழாக மாறுமா, அப்படியே அழிந்துபோகுமா என்பது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. கிருமியைக் கொல்ல வருபவை வெள்ளை அணுக்கள். அவை கிருமியை விழுங்கி, ஆக்சிஜனை வைத்து உள்ளேயே ஒரு வீரியமான ரசாயனத்தைத் தயாரித்து அதைக் கொல்கின்றன. காயத்தைச் சுற்றியுள்ள சதையில் ஆக்சிஜன் குறைந்தால் இந்த வேலை மந்தமாகிறது. புண்ணை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் நார் உருவாகவும் ஆக்சிஜன் வேண்டும். அமெரிக்காவில் தாமஸ் ஹன்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் அவருடன் வேலை செய்தவர்களும், காயத்தின் அருகே தோலுக்கடியில் ஆக்சிஜனை அளந்தே பார்த்தார்கள். அளவு குறைவாக இருந்தவர்களுக்குத் தொற்று அதிகம் வந்தது. அப்படியானால் மூச்சில் கூடுதலாகக் கொடுத்தால் சீழ் குறையுமே என்று யாருக்கும் தோன்றும்.

2000-ல் அதைச் சோதித்த ஆய்வு வந்தது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 500 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன் நேரத்திலும் அதற்குப் பின் இரண்டு மணி நேரமும் 30 சதவீத ஆக்சிஜன், மற்றதற்கு 80 சதவீத ஆக்சிஜன் கொடுத்தார்கள். (நாம் சாதாரணமாக மூச்சிழுக்கும் காற்றில் இருப்பது 21 சதவீதம்.) 30 சதவீதப் பிரிவில் நூற்றுக்கு 11 பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது, 80 சதவீதப் பிரிவில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான். நாத்தனார் சொல்லும் "பாதி" இதுதான். விலை மலிவு, மாத்திரை இல்லை, ஊசி இல்லை, ஒரு குமிழைத் திருப்பினால் போதும். உலகம் முழுக்க மயக்க மருத்துவர்கள் உற்சாகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

அப்புறம் வந்தவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2004-ல் நியூயார்க்கில் நடந்த சிறிய ஆய்வில் 80 சதவீதம் வாங்கியவர்களுக்குத்தான் தொற்று இரு மடங்குக்கும் மேல் வந்தது. அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2005-ல் ஸ்பெயினில் 14 மருத்துவமனைகள் சேர்ந்து 300 பேரிடம் செய்ததில் மறுபடியும் நன்மை தெரிந்தது: 24 சதவீதம் 15 ஆகக் குறைந்தது. 2009-ல் டென்மார்க்கில் 1,400 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் வித்தியாசமே இல்லை. ஒரு பிரிவில் 19.1 சதவீதம், மற்றதில் 20.1 சதவீதம்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது 2018-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு. அங்கே பெருங்குடல் ஆபரேஷன் நடக்கும் தியேட்டர்களில் இரண்டு வாரம் எல்லோருக்கும் 30 சதவீதம், அடுத்த இரண்டு வாரம் எல்லோருக்கும் 80 சதவீதம் என்று மூன்று வருடத்துக்கு மேல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 5,700-க்கும் அதிகமான ஆபரேஷன்கள். தொற்றும் காயம் ஆறுவதில் வரும் மற்ற சிக்கல்களும் சேர்த்து ஒரு பக்கம் 10.8 சதவீதம், இன்னொரு பக்கம் 11 சதவீதம். பத்து மடங்குக்கும் அதிகமான ஆபரேஷன்களில் தேடியும் அந்தப் பாதி கிடைக்கவில்லை. இந்த ஆய்வை நடத்திய ஆண்ட்ரியா கர்ஸ், டேனியல் செஸ்லர் இருவரும் 2000-ஆம் ஆண்டு ஆய்வுக் குழுவிலும் இருந்தவர்கள். தங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த முடிவைத் தாங்களே பெரிய அளவில் திரும்பச் சோதித்து, நன்மை தெரியவில்லை என்று வெளியிட்டார்கள். மருத்துவத்தில் இந்த நேர்மைக்கு நான் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் உண்மைதான். 2016-ல் வந்த அதன் வழிகாட்டுதலில் 80 சதவீதத்தை அழுத்தமாகவே பரிந்துரைத்தார்கள். பல நாட்டு மயக்க மருத்துவர்கள் ஆட்சேபித்தார்கள். அந்தக் கணக்கில் சேர்த்திருந்த சில ஆய்வுகளின் நம்பகத்தன்மை மீதும் கேள்வி எழுந்தது. ஆதாரத்தை மறுபடி அலசி, 2018-ல் அதே பரிந்துரையை "நிலைமையைப் பொறுத்து" என்ற தளர்வான நிலைக்கு இறக்கினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பரிந்துரை மூச்சுக்குழாயில் டியூப் வைத்து முழு மயக்கம் கொடுக்கப்படும் பெரியவர்களுக்கு மட்டும்தான்.

தங்கை விஷயம் இங்கேதான் வருகிறது. சிசேரியன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, தாய் விழித்திருக்கும்போதே நடக்கிறது. சிசேரியனில் மாஸ்க் வழியாகக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் தனியாகவே நடந்திருக்கின்றன. தையலில் தொற்று குறையவில்லை. அதனால் "அன்றைக்கு ஆக்சிஜன் வைத்திருந்தால்" என்ற எண்ணத்தை அவளும் நீங்களும் விட்டுவிடலாம். சிசேரியன் தையலில் சீழ் பிடிக்க உடல் பருமன், கர்ப்பகால சுகர், பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆவது, ஆன்டிபயாடிக் ஊசி போட்ட நேரம் என்று வேறு காரணங்கள் இருக்கின்றன. அடுத்த பிரசவத்தின்போது முன்பு சீழ் பிடித்தது என்பதை டாக்டரிடம் அவள் ஆரம்பத்திலேயே சொன்னால் போதும்.

சரி, நன்மை நிச்சயமில்லை என்றாலும் கொடுத்துவைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். ஆக்சிஜனும் ஒரு மருந்து. நுரையீரலில் உள்ள சின்னச் சின்னக் காற்றறைகள் சுருங்காமல் இருக்க, காற்றில் உள்ள நைட்ரஜன் உதவுகிறது. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுப் போய்விடும், நைட்ரஜன் அங்கேயே நிற்கும். ஆக்சிஜன் சதவீதம் ஏற ஏற, சில அறைகள் காலியாகிச் சுருங்க வாய்ப்பு அதிகமாகிறது. நல்ல நுரையீரல் இதைச் சமாளித்துக்கொள்ளும். முப்பது வருட பீடி நுரையீரலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நாள்பட்ட புகையால் நுரையீரல் அடைப்பு நோய் வந்திருந்தால், ஆபரேஷன் முடிந்து வார்டில் இருக்கும்போது அளவில்லாமல் ஆக்சிஜன் வைப்பது அப்படிப்பட்ட சிலருக்கு உடம்பில் கரியமில வாயுவைத் தேங்கவைத்துவிடும். அவர்களுக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பதுதான் கணக்கு. உறவினர்கள் 90-ஐப் பார்த்துப் பதறி, குமிழைத் தாங்களாகவே கூட்டிவைப்பதை வார்டுகளில் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டென்மார்க் ஆய்வில் இருந்தவர்களை இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது, 80 சதவீதம் வாங்கிய பிரிவில் இறப்பு சற்று அதிகமாகத் தெரிந்தது, அதுவும் புற்றுநோயாளிகளிடம். இணையத்தில் தேடினால் இது உங்கள் கண்ணில் படும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு இடங்களில் தேடிப் பார்த்தவர்களுக்கு அது தென்படவில்லை. இதை வைத்துப் பயப்பட வேண்டாம். "எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதான்" என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

என் அபிப்பிராயம் கேட்டால்: நுரையீரல் நன்றாக உள்ளவருக்குக் குடல் ஆபரேஷனில் ஒரு டாக்டர் 80 சதவீதம் வைத்தால் அது தவறில்லை. 40-ல் வைத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு நன்றாக இருப்பதைக் கவனித்துக்கொண்டால் அதுவும் தவறில்லை. சீழ் பிடிக்கும், பிடிக்காது என்பது அந்த எண்ணில் இல்லை.

ஏன் என்று விளக்கினால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பது கிட்டத்தட்ட முழுவதும் ஹீமோகுளோபினில்தான். ஆக்சிமீட்டர் 98 காட்டினால் அந்த ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அதற்கு மேல் கொடுப்பது ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்து போகும் சிறு அளவு. 80 சதவீதம் கொடுத்தாலும் 100 மில்லி ரத்தத்தில் அப்படிக் கரைவது ஏறத்தாழ 1 மில்லி ஆக்சிஜன். நல்ல அளவில் ஹீமோகுளோபின் இருந்தால் அது சுமப்பது 18, 19 மில்லி. அந்த ரத்தமும் காயம் வரை போய்ச் சேர வேண்டும். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தாலும் தெருக்குழாய் அடைத்திருந்தால் வீட்டுக்குத் தண்ணீர் வராது, இல்லையா? தோலுக்கும் தோலடிக் கொழுப்புக்கும் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் குளிராலும், பீடியாலும், வலியாலும், உடம்பில் நீர் குறைவதாலும் சுருங்குகின்றன. கத்தி படும் இடமும் தையல் போடும் இடமும் அதுதானே.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம் ஊரில் யாரும் பொருட்படுத்துவதில்லை. தியேட்டரில் ஏசி, மெல்லிய கவுன், திறந்த வயிறு. மயக்க மருந்து உடம்பின் சூட்டைக் காக்கும் ஏற்பாட்டையே தளர்த்திவிடுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே உடம்பின் உள் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மேல் இறங்கிவிடும். இதே கர்ஸும் செஸ்லரும் 1996-ல் 200 பெருங்குடல் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், குளிர விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது. சூடாக வைத்துக்கொள்ளப்பட்டவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குத்தான். குளிர்ந்தவர்கள் மருத்துவமனையில் சராசரியாக இரண்டரை நாள் கூடுதலாகவும் இருந்தார்கள். இரண்டு பிரிவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுமார் 2 டிகிரிதான். நோயாளியைச் சூடாக வைத்துக்கொள்வது இன்று உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை.

ஆகவே டாக்டரிடம் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்றால் இதைக் கேளுங்கள்: "தியேட்டரில் அப்பாவுக்குச் சூடு காற்றுப் போர்வை போடுவீர்களா டாக்டர்?" பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் அந்தக் கருவி இருக்கிறது, கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அன்று காலை வார்டிலிருந்து கூப்பிடும் வரை அவரைப் போர்வை, சாக்ஸோடு வைத்திருங்கள். தியேட்டருக்கு வெளியே டிராலியில் காத்திருக்கும் நேரத்தில்தான் பலர் நடுங்கிப்போகிறார்கள். வெளியே வந்தபின் நடுங்கினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

இனி பீடி. இதில் நான் கெஞ்சித்தான் கேட்க வேண்டும். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஹீமோகுளோபினில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 80 சதவீத ஆக்சிஜன் தரும் என்று நீங்கள் நம்பும் லாபத்தை அந்த ஆறேழு பீடி தின்றுவிடும். நான்கு வாரம் முழுதாக விட்டவர்களுக்குக் காயத் தொற்று தெளிவாகக் குறைகிறது என்பது சோதித்துப் பார்த்த உண்மை, உங்களுக்கு இருப்பதும் சரியாக நான்கு வாரம். இன்றைக்கே நிறுத்தினால்தான் அந்தக் கணக்கு வரும். "ஆபரேஷனுக்குக் கொஞ்ச நாள் முன்னால் விட்டால் சளி கூடி ஆபத்து" என்று சிலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். கை நடுங்குகிறது, எரிச்சல் வருகிறது என்றால் நிகோடின் சூயிங்கம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், பீடியைவிட அது எவ்வளவோ மேல். புகையிலைப் பாக்கெட்டுகளிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண் அரசின் இலவச உதவி எண்தான். அப்பாவைத் திட்டாதீர்கள். புற்றுநோய் என்று கேட்டபின் ஒரு மனிதர் பீடியைத் தேடுவது பயத்தால்தான். "தையல் சீக்கிரம் ஆறணும்ப்பா, ஆபரேஷன் முடியும்வரை மட்டும்" என்று ஒரு கெடு வைத்துக் கேட்டுப் பாருங்கள். பலர் அதற்கு இணங்குகிறார்கள், அதில் சிலர் திரும்பத் தொடுவதே இல்லை.

சுகர் ஏறியிருந்தால் வெள்ளை அணு மந்தமாகும், கிருமிக்குத் தீனியும் கிடைக்கும். மூன்று மாதச் சராசரி சுகர் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஆபரேஷன் நாளையொட்டி 180-க்குள் வைத்திருக்கவே பெரும்பாலும் முயல்வோம். அதற்காக இன்சுலினுக்கு மாற்றினால் பயப்படாதீர்கள், பின்னால் பலருக்கு மாத்திரைக்கே திரும்ப முடியும். ஆபரேஷன் அன்று காலை எந்த மாத்திரை, எது வேண்டாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சுகர் மாத்திரை போட்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

ஹீமோகுளோபின் 9.6 என்பதை எல்லோரும் சாதாரணமாகக் கடந்துபோவார்கள், நீங்கள் போகாதீர்கள். குடல் கட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிவதால் வரும் சோகை இது. இரும்புச் சத்து மாத்திரை இந்தக் குறுகிய காலத்தில் போதுவது கடினம். ரத்த நாளத்தில் ஏற்றும் இரும்புச் சத்து ஊசி நான்கு வாரத்தில் நல்ல பலன் தரும். இப்போதே கேட்டால்தான் நேரம் இருக்கும், கடைசி வாரம் கேட்டால் ரத்தம் ஏற்றுவதுதான் வழி. ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே தொற்றைப் பொறுத்தவரையிலும் நல்லது.

சாப்பாட்டில் ஒரு விஷயம். ஆபரேஷன் என்றதும் நம் வீடுகளில் முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், பருப்பு சீழ் வைக்கும், தக்காளி கூடாது என்று ஒரு பத்தியம் தொடங்கிவிடும். அத்தை, பெரியம்மா எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் அது அப்பாவுக்குக் கெடுதல். புண் ஆற புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் என்று அவர் வயிறு ஏற்கிற எதையும் கொடுங்கள். எந்தப் பருப்பும் சீழ் வைக்காது. கட்டி அடைப்பதால் மலம் சரியாகப் போகவில்லை என்றால் மட்டும் சர்ஜன் சொல்லும் உணவு முறையைப் பின்பற்றுங்கள்.

மருத்துவமனையில் நடக்க வேண்டியவற்றில் இரண்டை நீங்கள் கண்காணிக்கலாம். முந்தைய நாள் இரவு வயிற்று முடியை பிளேடால் மழிக்க யாராவது வந்தால், "மெஷினால் டிரிம் செய்தால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று பணிவாகச் சொல்லுங்கள். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடும், கிருமி அதில் பெருகும். மழிக்கவே கூடாது என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். இன்னொன்று ஆன்டிபயாடிக். கத்தி வைப்பதற்கு முன்னால், பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்துக்குள், அந்த ஊசி போயிருக்க வேண்டும். அப்போதுதான் கிருமி உள்ளே வரும் நேரத்தில் மருந்து சதையில் காத்திருக்கும். வார்டில் அதிகாலையிலேயே போட்டுவிட்டு, ஆபரேஷன் மதியம் நடந்தால் பயனில்லை. மறுபக்கம், சிக்கல் எதுவும் இல்லாதபோது ஆபரேஷனுக்குப் பின் ஐந்து நாள், ஏழு நாள் என்று ஆன்டிபயாடிக்கைத் தொடர்வதால் சீழ் குறைவதில்லை. அதனால் "ஊசியை நிறுத்திவிட்டார்களே" என்று சண்டைக்குப் போகாதீர்கள். குடலைச் சுத்தம் செய்ய முந்தைய நாள் மருந்து தரும்போது, கூடவே ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்தால் தவறாமல் விழுங்கச் செய்யுங்கள். முந்தைய இரவோ அன்று காலையோ சோப்பு போட்டு ஒரு நல்ல குளியல், அது போதும்.

இப்போது வீட்டு மெஷின். ஆபரேஷனுக்கு முன்னால் வைத்துச் சேமித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. உடம்பால் ஆக்சிஜனைச் சேமிக்க முடியாது. மயக்கம் கொடுக்கும் முன் மாஸ்க் வைத்து நாங்கள் சில நிமிடம் சுத்த ஆக்சிஜன் கொடுப்போம். டியூப் வைக்கும் இடைவெளியைத் தாங்க சில நிமிடக் கையிருப்பு அது, அவ்வளவுதான் கொள்ளளவு. உங்களிடம் இருப்பது 5 லிட்டர் மெஷினாக இருக்கும். அதிலிருந்து வருவது 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக இருந்தாலும், மூக்குக் குழாய் வழியாகப் போகும்போது அறைக் காற்றோடு கலந்து உள்ளே போவது ஏறத்தாழ 40 சதவீதம்தான். வீட்டுக்கு வந்தபின் வைப்பதிலும் பொருளில்லை, காயத்தின் தலைவிதி முடிவாகும் முதல் சில மணி நேரம் அதற்குள் எப்போதோ முடிந்திருக்கும். குழாய் மாட்டிக்கொண்டால் அவர் நடக்க மாட்டார், நடக்காமல் படுத்தே இருப்பதுதான் அவருக்கு ஆபத்து. பீடி பற்றவைக்கும் ஆள் உள்ள வீட்டில் ஆக்சிஜன் ஓடுவது தீ விபத்துக்கு வழி. முகம் கருகிய நோயாளிகள் பற்றிய மருத்துவக் குறிப்புகள் உலகெங்கும் இருக்கின்றன.

அந்த மெஷினுக்குப் பதிலாக, மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றை மெடிக்கல் ஷாப்பில் வாங்குங்கள். விலை குறைவுதான். இன்றிலிருந்தே விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை பத்து தடவை மெதுவாக உறிஞ்சப் பழக்குங்கள். ஆபரேஷனுக்குப் பின் வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்வது சிரமம், இப்போதே கை வந்துவிட்டால் அன்றைக்குத் தானாகச் செய்வார். தினமும் அரை மணி நேரம் நடக்கவும் வையுங்கள்.

அனஸ்தீசியா பரிசோதனைக்குப் போகும்போது, மாடிப்படி ஏறினால் இளைக்கிறதா, காலையில் சளி வருகிறதா, முன்பு எப்போதாவது நெபுலைசர் வைத்தார்களா, கொரோனாவில் எவ்வளவு பாதிப்பு இருந்தது என்பதையெல்லாம் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்பாக்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், "எனக்கு ஒண்ணுமில்லை" என்பார்கள். பீடிக் கணக்கையும் குறைத்துத்தான் சொல்வார். தேவைப்பட்டால் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை ஒன்றை எழுதித் தருவார்கள். அதைப் பார்த்துத்தான் ஆக்சிஜன் அளவு முடிவாகும். ஆபரேஷனுக்குப் பின் வலியை எப்படிக் கட்டுப்படுத்துவார்கள் என்றும் அப்போதே கேளுங்கள். வலி இருந்தால் ஆழமாக மூச்சுவிட மாட்டார், எழுந்து உட்கார மாட்டார், ரத்தக் குழாயும் சுருங்கும்.

வீட்டுக்கு வந்தபின், காயத்தில் தொற்று பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் வெளியே தெரியும். ஒரு மாதம் வரை கவனம் வேண்டும். தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, தொட்டால் சூடு, குறைந்துவந்த வலி திரும்பக் கூடுவது, கசிவு, நாற்றம், காய்ச்சல் என்று எது வந்தாலும் அன்றே காட்டுங்கள். மஞ்சளோ வேறு பொடியோ வைக்க வேண்டாம். வயிறு உப்பி, படபடப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது தோல் காயத்தின் பிரச்சினையாக இல்லாமல், உள்ளே குடலைச் சேர்த்துத் தைத்த இடத்தில் கசிவாக இருக்கலாம். அதற்கு ஒரு இரவுகூடக் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று, ராத்திரியில் கூப்பிட வேண்டிய எண் எது என்று கேட்டு உங்கள் போனிலும் அம்மா போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.